கண்ணெட்டும் தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்டு, "பிளேன் விட" என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ட்ரோனா?" முன்பு நின்று விளக்குவேன். இப்போதெல்லாம் "அந்த மாதிரிதான்" என்று நகர்ந்துவிடுகிறேன். இங்கே மட்டும் விளக்கிவிடுகிறேன். நான் எழுத வந்த விஷயமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ட்ரோன் மேலே இருக்கும்போது குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலேயே மிதக்கும். உள்ளே இருக்கும் கைரோவும் ஜிபிஎஸ்ஸும் நமக்குத் தெரியாமலே சாய்வைத் திருத்திக்கொண்டிருக்கும். நீங்கள் படம் பிடிக்கலாம், கொட்டாவி விடலாம். ரிமோட் விமானத்துக்கு நிற்கத் தெரியாது. முன்னே போய்க்கொண்டிருந்தால்தான் இறக்கை அதைத் தூக்கும். எந்தப் பக்கம் சாய்கிறது, மூக்கு மேலேயா கீழேயா, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா, எல்லாவற்றையும் தரையில் நிற்கும் நம் கண்தான் பார்த்துக் கட்டைவிரலுக்குச் சொல்ல வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற விமானிக்கு இருக்கை சொல்லும், வயிறு சொல்லும். நமக்கு வயிறு திடலில், விமானம் இருநூறு மீட்டருக்கு அப்பால்.

அது விலகிப் போகும்வரை வலது என்றால் வலது. திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. புதிதாகப் பழகுகிறவர்கள் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வழி: "எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளு மாப்ள. சாயற செவுத்துக்கு முட்டு குடுக்கிற மாதிரி நெனச்சுக்க." இடது வலது என்று மூளையில் கணக்குப் போட நேரமில்லாத இடத்தில் இந்த ஒரு வாக்கியம் என் விமானத்தை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ரப்பர் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவரும் செம்பனை ஆலைக்கு மாறி, ஃபோர்மனாக ஓய்வு பெற்றார். விமானம் அவர் கைக்கு வந்தது பாட்டி வழியாக. அந்தக் காலத்தில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. அவர்களுடைய குடும்பங்களில் சமைக்கவும் துணி துவைக்கவும் பிள்ளை பார்க்கவும் உள்ளூர்ப் பெண்கள் போனார்கள். பாட்டியும் போனார். 80களின் கடைசியில் மிராஜ் படைப்பிரிவுகள் மூட்டை கட்டியபோது, பாட்டி வேலை செய்த வீட்டுக்காரர் வேண்டாத சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புக் கட்டில் ஒன்று, மின்விசிறி ஒன்று, ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் துணியில் சுற்றிய சின்ன இஞ்சின் ஒன்று. நாற்பது சைஸ் என்று சொல்வார்கள், ஆறரை சிசி. கட்டிலையும் விசிறியையும் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

நான் இந்தப் பக்கம் வந்தது பல்கலைக்கழகம் முடித்த பிறகு. உள்ளூர்ப் பல்கலைக்கழகம், இயந்திரவியல், நான்கு வருஷம். இறக்கையின் அழுத்தப் பரவலைக் கணினியில் வண்ண வண்ணமாக வரைந்து காட்டி நல்ல மதிப்பெண் வாங்கியவன். இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். என் வேலை எக்செல்லில் நடக்கிறது. மிகைப்படுத்தவில்லை, சில வாரம் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டேன். மாமா வீட்டுப் பின்கட்டில்தான் எனக்குக் கைகள் இருப்பது ஞாபகம் வரும்.

அங்கே பால்சா பலகைகளைத் தட்டில் வைத்து நிறுத்துத்தான் எடுப்போம். எக்குவடோரிலிருந்து வருகிற மரம். ஒரே அளவில் வெட்டிய இரண்டு பலகைகளில் ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு கனக்கும். கனமானது உடம்புக்கு, லேசானது வாலுக்கு. வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பல கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். மூக்கு கனத்தால் விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்று இந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை வகுப்பில் சமன்பாடாகப் படித்தேன். மாமா இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம், இன்னொரு அம்பது காசு ஒட்டு" என்பார். ஐம்பது காசு நாணயத்தைத்தான் சொல்கிறார்.

பறப்பது ஏழு எட்டு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் பராமரிப்பு. நம் ஊர் வெயிலில் காருக்குள் வைத்த விமானத்தின் மேலுறை தொய்ந்து சுருங்கும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து மறுபடி இழுக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் போட்டுவைத்தால் வயிறு உப்பிவிடும். செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திச் சேமிக்க வேண்டும். கீல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது, சர்வோவில் பல் தேய்ந்திருக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்பது, ரேடியோவின் சக்தியைக் குறைத்துவைத்து முப்பது அடி எண்ணி நடந்து சிக்னல் பிடிக்கிறதா என்று சரிபார்ப்பது. மாமா இதில் எதையும் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்த மாற்றம் எனக்குச் சீக்கிரம் தென்பட்டது. அவருடைய வட்டம் சுருங்கிக்கொண்டு வந்தது. முன்பு திடலின் அந்தக் கோடியில் நிற்கும் மரங்கள் வரை போய்த் திரும்புவார். பிறகு பாதித் திடல். பிறகு கம்பத்தைக் கட்டிச் சுற்றும் மாடு மாதிரி எங்கள் தலைக்கு மேலேயே. காற்று அதிகம் என்பார், பேட்டரி பழசு என்பார். ஒரு சாயங்காலம் விமானம் திரும்பி நேராக எங்களை நோக்கி வந்த நேரத்தில், "எங்கடா அது?" என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போடவில்லை. நான் ரேடியோவை வாங்கி இறக்கினேன். இருவரும் ஒன்றும் பேசாமல் இறக்கையைக் கழற்றிக் காரில் ஏற்றினோம்.

இனிப்புநீர். இருபது வருஷமாக இருக்கிறது. விழித்திரையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிகின்றனவாம். லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்பித் தருவது கஷ்டம் என்பதுதான் டாக்டர் சொன்னதன் சாரம். வீட்டில் எல்லாரும் காரோட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். விமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டது நாங்கள் இரண்டு பேர்.

அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் இறக்கை இருநூறு மீட்டரில் முழுநிலாவைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அது நேராக நம்மை நோக்கி வரும்போது தெரிவது இறக்கையின் பருமன் மட்டும், மூன்று சென்டிமீட்டர். இருநூறு மீட்டரில் அது ஒரு பாகையின் நூற்றிருபதில் ஒரு பங்கு. கூர்மையான கண்ணுக்கே அது ஒரு கீறல். மாமாவின் கண்ணுக்கு அந்த நொடியில் வானத்தில் ஒன்றுமே இல்லை.

சில மாதம் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவராக இருந்தார். பார்ப்பவர் என்று சொல்வதும் சரியில்லை. நான் ஓட்டுவது மின் மோட்டார். பசை, பட்டறை நாற்றம், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாத சுத்தமான சாதனம். நூறு மீட்டர் தாண்டினால் சத்தமும் இல்லை. ஒரு நாள் அவரே சொன்னார்: "அந்த டின்ன எடு மாப்ள. இஞ்சின்னா கேக்கும்."

அந்த இஞ்சினின் எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? பேரிங் துருப்பிடித்திருந்தது. விளக்கெண்ணெய் காய்ந்து அரக்காகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய சட்டியில் காருக்கு ஊற்றும் கூலண்ட்டை ஊற்றி, இஞ்சினைப் போட்டு, மெல்லிய சூட்டில் ஓர் இரவு வைத்தோம். அரக்கு கழன்று வந்தது. சட்டியை அத்தை வெளியே வீசிவிட்டார், அதுதான் சரியும்கூட. பேரிங்கை எடுக்க இஞ்சின் உடம்பைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது எனக்குத் தெரியும். எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பது மாமாவுக்குத் தெரியும். விரலில் எச்சிலைத் தொட்டு வைத்தார். "சுர்"ரென்றது. மரக்கட்டையில் ஒரு தட்டு. பேரிங் தானாக விழுந்தது.

சத்தத்தில் நிறையச் செய்தி இருக்கிறது. ஏறும்போது இஞ்சின் திணறிச் சுருதி இறங்கும், மூக்கு கவிழ்ந்தால் சுருதி ஏறும். நம்மை நோக்கி வரும்போதும் ஒரு ஏற்றம்: வினாடிக்கு இருபது மீட்டரில் வந்தால் ஏறக்குறைய ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டை அளவுக்கு. இதெல்லாம் எனக்குக் கணக்கு. மாமாவுக்கு முப்பது வருஷம் ஆலை இரைச்சலுக்குள் நின்று, எந்த இயந்திரம் முனகுகிறது என்று பிரித்துக் கேட்ட காது. ஆனால் சத்தம் பிந்தி வரும். இருநூறு மீட்டரிலிருந்து நம் காதுக்கு அரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் பன்னிரண்டு மீட்டர் தாண்டிவிடும். காதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது.

எனவே இரண்டு ரேடியோக்களை இணைத்தோம். பழகுநர்களுக்கு உள்ள ஏற்பாடுதான். ஆசிரியர் கையில் ஒரு ஸ்விட்ச். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓட்டுவது மாணவர், விரலை எடுத்தால் ஆசிரியர். எனக்குக் கற்றுக்கொடுத்தபோது ஸ்விட்ச் மாமாவிடம் இருந்தது. இப்போது என்னிடம். ஏற்றுவதும் இறக்குவதும் நான். மேலே போனதும் அவரிடம் கொடுக்கிறேன். பக்கத்தில் நின்று "இடது தாழுது... சரி... உங்கள பாத்து வருது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் நான் சொல்வதற்குள் குச்சி நகர்ந்திருக்கும். போன மாதம், "லீனா ஓடுது, எறக்கு" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. இறக்கிப் பார்த்தால் இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஊசியை இரண்டு கிளிக் திறந்தோம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ரிசீவரிலேயே கைரோ வந்துவிட்டதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்டார்கள். நானே ஒன்று வாங்கிப் பொருத்தினேன். குச்சியை விட்டால் விமானம் தானே நேராகிவிடும். மாமா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு ஓட்டுறா?" என்று கேட்டார். அதைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று. அவர் பிடிவாதத்தில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் அது மறுபடி வெளியே வரும் என்றுதான் நினைக்கிறேன்.

மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் கதையை ஒரு நாள் அவருக்குச் சொன்னேன். 2003 ஆகஸ்டில் ஐந்து கிலோ எடையுள்ள ஒரு மாடல் விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, மூவாயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டி, 38 மணி நேரத்துக்கு மேல் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. பால்சாவால் செய்தது. அப்போது ஹில்லுக்கு வயது 77. சட்டப்படி பார்வையற்றவர் என்று கணக்கிடும் அளவுக்குக் கண் போயிருந்தது, காதும் சரியில்லை. மாமாவுக்கு உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுக்கடல்ல யாரு ஓட்டுனது?" என்றார். ஜிபிஎஸ், தானியங்கி என்றேன். "எறக்குனது?" வேறொருவர் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஆனா செஞ்சது அவரு" என்றார். பிறகு அந்த விமானத்தின் இறக்கை எடை எவ்வளவு, என்ன பசை போட்டார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்.

எங்கள் திடல் என்று நான் சொல்வது மறுநடவுக்காகச் செம்பனை வெட்டிய நிலம். ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று வைப்பார்கள். கன்று தலைதூக்கும்வரை இரண்டு மூன்று வருஷம் வானம் திறந்திருக்கும். பினாங்கு விமான நிலையமும் பட்டர்வொர்த் தளமும் இருக்கிற வட்டாரத்தில் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. இங்கே நானூறு அடிக்குக் கீழே எங்கள் பாட்டுக்கு ஓட்டுகிறோம். கன்றுகள் இப்போது இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. மட்டை விரிந்துவிட்டால் ஓடுபாதை போய்விடும். மாமாவின் கண்ணா, இந்த நிலமா, எது முந்தும் என்று நான் மாமாவிடம் கேட்டதில்லை.

இந்த வாரம் வேறு ஒரு சண்டை. இறக்கைக்குப் புது உறை போட வேண்டும். அடிப்பக்கம் ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை பட்டையாக என்பது என் யோசனை. மாமாவுக்கு முழுக் கறுப்பு வேண்டும். மத்தியான வானத்துக்கு எதிரே எந்த நிறமும் நிறமாகத் தெரியாது, இருட்டுதான் தெரியும் என்கிறார். அது சரிதான். ஆனால் கறுப்பு வெயிலை வாங்கும், உறை தொய்ந்துபோகும், வாரா வாரம் இஸ்திரி போட வேண்டும் என்றேன்.

"போடு. அதுக்குத்தான் படிச்சிருக்க."

இரண்டு ரோல் கறுப்பு ஆர்டர் போட்டிருக்கிறேன்.