கருமத்தம்பட்டியில் கிடைத்த அமைதி எங்கிருந்து வந்தது?

கடன் அப்படியே இருந்தது; தூக்கம் மட்டும் திரும்பி வந்தது. இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படி இருக்க முடியும் என்ற கேள்விதான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் சிறிய பவர்டேபிள் யூனிட் நடத்துகிறேன். கம்பெனிகளிடம் கட்டிங் பீஸ் வாங்கி, தைத்துக் கொடுத்து, பீஸ் ரேட்டில் கூலி வாங்கும் ஜாப் ஒர்க். 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரே இரண்டு நாள் மூடிக் கிடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு தைக்க வேலை குறைந்தது. தைத்த வேலைக்கும் பணம் மாதக்கணக்கில் நின்றது. ஆனால் சனிக்கிழமை வந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். டெய்லருக்கும் கைமடி உதவியாளருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். இரவில் படுத்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு விடியும்வரை ஓடும்.

யூனிட்டில் செக்கிங் பார்க்கும் அக்கா தூத்துக்குடிப் பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “தம்பி, கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குப் போயிட்டு வாங்க. ஒண்ணும் கேக்க வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருங்க.”

நான் பிறப்பால் கத்தோலிக்கன். ஞாயிறு திருப்பலி தவறியதில்லை. ஆனாலும் எதையும் கேட்காமல் கோயிலில் உட்கார்ந்திருந்த பழக்கம் எனக்கு இல்லை. கோவை - அவிநாசி நெடுஞ்சாலையில் லாரிகள் விரைய, சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் ஓட, நடுவில் நிற்கிறது அந்தச் செபமாலை அன்னை ஆலயம். உட்கார்ந்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும் போனேன். கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. மனதில் இருந்த பயம் குறைந்தது. இந்த இடத்தில் மனிதர்கள் எந்தக் காலத்திலிருந்து இப்படி வந்து உட்காருகிறார்கள், யார் சொல்லிக் கொடுத்த வழி இது என்று தேடத் தொடங்கினேன்.

ஆலயத்துக்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது 2019இல். ஆனால் இங்குள்ள விசுவாசத்தின் வயது ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு. 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தே நொபிலி, 1623இல் சேந்தமங்கலம், சேலம் வழியாக வடக்கே நடந்தார். அவருக்குப் பின் அதே நூற்றாண்டின் நடுவில், இயேசு சபையின் மைசூர் மறைப்பணியாளர்கள் கொங்கு நாட்டில் கால் வைத்தார்கள். அன்றைய கொங்கு ஒன்றும் அமைதிப் பூங்கா அல்ல. மதுரை நாயக்கர் படையும் மைசூர்ப் படையும் மோதிக்கொண்ட எல்லை மண். பின்னர் ஹைதர், திப்பு காலத்துப் போர்களில் கோயம்புத்தூர் வட்டாரம் பலமுறை கைமாறியது. 1773இல் ரோம் இயேசு சபையையே கலைத்தது. பாரிஸ் மறைப்பணிச் சபையார் வந்து பணியைத் தொடர்ந்தார்கள். 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். இத்தனைக்கும் நடுவில் இந்தச் சனங்கள் செபமாலையை விடவில்லை. நல்ல காலத்தில் தோன்றி வளர்ந்த பக்தி அல்ல இது என்பதை முதலில் புரிந்துகொண்டேன்.

இயேசு சபையார் வந்தார்கள் என்றால் அவர்கள் கையில் ஒரு வழிமுறை இருந்திருக்கும். அது அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’. அதைத் தேடிப் போனபோது நான் வந்து சேர்ந்தது ஸ்பெயினில் கார்தொனேர் ஆற்றங்கரையில் இருக்கும் மன்ரேசா. பின்னாளில் அதுவும் பருத்தி ஆலைகள் நிறைந்த நெசவூர் ஆனது என்று படித்தபோது, நொய்யல் கரைக்காரனான எனக்கு அந்த ஊர் நெருங்கி வந்தது. 1521இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்த படைவீரரான இஞ்ஞாசியார், அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தங்கினார். பழைய பாவங்களின் குற்ற உணர்வு அவரை வதைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த இருட்டைக் கடந்தவர் எழுதிய நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார்.

அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை மூன்று. ஒன்று, அன்றாட ஆன்ம ஆய்வு. நாள் முடியும்போது முதலில் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு காலையிலிருந்து மணிக்கு மணி அந்த நாளைப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். கடன் கணக்கு மட்டுமே போட்டுக்கொண்டிருந்த எனக்கு, வரவையும் எழுதக் கற்றுக்கொடுத்தது இதுதான். இரண்டு, மனம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்ற விதி. மூன்று, உள்ளே அரிக்கும் எண்ணத்தை ஒளித்து வைக்காதே, நம்பத் தகுந்த ஒருவரிடம் சொல்லிவிடு என்ற அறிவுரை. என் மனைவியிடம் கடன் முழுவதையும் நான் சொன்னது இதைப் படித்த பிறகுதான். அன்றிரவு நாங்கள் இருவரும் தூங்கினோம்.

ஆனால் என் தேடலின் கனமான பகுதி மறுபடியும் கருமத்தம்பட்டியிலேயே கிடைத்தது. அது ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்கின் கதை. 1813இல் பிரான்சின் கஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தவர். 1842 ஜூலையில் புதுச்சேரியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, சேலம் பக்கம் பணியாற்றினார். 1846 அக்டோபர் 4ஆம் நாள், செபமாலை அன்னைக்குரிய அந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில், கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வயது 32. 1850இல் கோயம்புத்தூரின் முதல் திருத்தூதுப் பதிலாளி ஆனார். இந்த மண்ணின் மக்களிலிருந்தே குருக்களும் ஆயர்களும் வர வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையின் பெரிய ஆசை. அந்தக் காலத்து ஐரோப்பியக் குருக்கள் பலருக்கு அது ஒப்பவில்லை.

அவரை உறங்கவிடாதது வேறொன்று. சாதி வழக்கங்கள், சடங்குகள் ஆகியவற்றில் எதைத் திருச்சபைக்குள் அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது என்ற பூசல் 1704 முதல் ஓய்ந்தபாடில்லை. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆணை பிறப்பித்தார். அதைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்துவிட்டு ஆளுக்கொரு விதமாக நடந்தார்கள். கண்டும் காணாமல் இருப்பது பாவமா, கண்டித்துச் சனத்தைச் சிதறடிப்பது பாவமா என்று பிரெசிலாக் தவித்தார். ரோமிடம் தெளிவு கேட்டார். மனம் ஒப்பும் பதில் கிடைக்கவில்லை. பதவி, மரியாதை, தாம் நேசித்த மக்கள் எல்லாம் இங்கே இருந்தும், மனசாட்சி தெளியாமல் ஆயர் இருக்கையில் அமர முடியாது என்று விலகல் கடிதம் கொடுத்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது. அந்தச் சத்தியத்தையே திருச்சபை நீக்கியது 1940இல். அதற்கு இன்னும் 85 ஆண்டுகள் இருந்தன.

ஊர் பார்வையில் அது தோல்வி. அவரோ 1856 டிசம்பர் 8ஆம் நாள், பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில், ஃபூர்வியேர் குன்றின் அன்னை ஆலயத்தில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஜூன் 25ஆம் நாள் இறந்துபோனார். உடன் போனவர்களில் பெரும்பாலோரும் இறந்தார்கள். அவர் தொடங்கிய சபை இறக்கவில்லை. இன்றும் ஆப்பிரிக்காவில் பணி செய்கிறது. 2020இல் ரோம் அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ நிலைக்கு உயர்த்தியது.

கருமத்தம்பட்டியில் ஆயர் பட்டம் ஏற்ற மனிதரின் வாழ்க்கையில் ஒரு சிக்கலும் சுகமாக முடியவில்லை. என்றாலும் அவர் உடைந்துபோனவர் அல்ல. மனசாட்சிக்கு விரோதமாக நடக்க மாட்டேன்; முடிவைக் கடவுளிடம் விட்டுவிடுகிறேன் என்ற இரண்டு கால்களில் கடைசிவரை நின்றார். அப்படி நிற்க வைத்த அமைதியைத் தேடி, இயேசு தம் சீடர்களுக்கு அமைதியை விட்டுச்செல்வதாகச் சொன்னது எந்த இரவு என்று யோவான் நற்செய்தியில் பார்த்தேன். அவரைப் பிடித்துக்கொண்டு போன அதே இரவு. கிறிஸ்தவ அமைதி பிறந்த இடமே நெருக்கடிதான்.

ஆகவே இந்த அமைதியை, கண்ணை மூடிக்கொண்டு உலகத்தை மறக்கும் சுகமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிரெசிலாக்கைத் தூங்கவிடாத சாதி, இன்றும் நம் பங்குகளில் கல்லறைத் தோட்டம்வரை வருகிறது. ஷிப்டுக்கு மேல் ஷிப்டு பார்த்தும் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் நம் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அடுத்தவர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு செபமாலை உருட்டினால் மனம் அடங்காது. அடங்கவும் கூடாது. என் யூனிட்டில் எத்தனை இழுபறி வந்தாலும் சனிக்கிழமை சம்பளத்தை ஞாயிற்றுக்குத் தள்ளுவதில்லை. அதுவும் என் செபத்தின் பகுதி.

தொழில் நொடித்து, கலங்கி நிற்கும் சகோதர சகோதரிகளே, பெரிய முடிவு எதையும் அந்தக் கலக்கத்தில் எடுக்காதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். படுக்கப் போகுமுன் கால் மணி நேரம் அந்த நாளைக் கடவுள் முன் வையுங்கள். பங்குப் பேரவைகளிடமும் ஒரு வேண்டுகோள்: இரவு ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி, எந்த மொழி பேசினாலும் எந்தச் சாதி ஆனாலும், உள்ளே வந்து உட்காரும்படி திருப்பூர் வட்டாரத்தில் ஓர் ஆலயமாவது இரவு பத்து மணிவரை திறந்திருக்கட்டும்.