டேங்குக்கு அழுக்கு

டேங்க் மாடலுக்கு வண்ணம் பூச ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதை அழுக்காக்கத்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. பச்சை எனாமல் நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கை. அது இறுகியபிறகு பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் டீத்தண்ணி பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு ஆணித் தலையின் ஓரத்திலும் தூரிகை நுனியால் தொட வேண்டும். தொட்டால் போதும். தானாகவே ஓடி மூலைமுடுக்கில் போய்த் தங்கிக்கொள்ளும். இதற்கு வாஷ் என்று பெயர். நடுவில் வார்னிஷ் இல்லாவிட்டால் டர்பன்டைன் கீழே இருக்கும் எனாமலையும் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

வாஷ் காய்ந்ததும் டிரைபிரஷ். வெளிறிய பச்சையில் தூரிகையைத் தோய்த்து, பழைய பனியன் துணியில் தேய்த்துத் தேய்த்து, இனி இதில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது எடுத்து மேடான இடங்களில் வருட வேண்டும். முதலில் எதுவும் தெரியாது. கை வலிக்கத் தொடங்கும் நேரத்தில் கீல், கைப்பிடி, கொக்கி ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தட்டுப்படும்.

என் மேஜையில் இருப்பதெல்லாம் 35-இல் ஒரு பங்கு அளவு. ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் அசல் வண்டியில் அது மூன்றரை சென்டிமீட்டர் சிராய்ப்பு. கை நடுங்கினால் குண்டடி பட்ட காயமாகிவிடும். இந்த 35 யார் வகுத்த கணக்கு என்று பார்த்தால் பாட்டரிதான் வகுத்திருக்கிறது. ஜப்பானில் ஷிசுவோகாவைச் சேர்ந்த டமியா நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மானிய பாந்தர் டேங்கை மோட்டாரில் ஓடும் மாடலாகச் செய்தது. மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்ததில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அதையே உலகம் பிடித்துக்கொண்டது. துல்லியம் துல்லியம் என்று உயிரை விடுகிற ஒரு கூட்டத்துக்கு அடிப்படை அளவு இப்படிக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எனக்கு டேங்க் முதலில் வாசனையாகத்தான் அறிமுகம். மாமாவின் சட்டையில் இருந்த தின்னர் வாசனை. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். கோடை விடுமுறைக்கு அங்கே போனால், மாலையில் சங்கு ஊதியதும் வாசலுக்கு ஓடுவோம். சைக்கிள் கூட்டத்தில் மாமாவைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. அப்போது விஜயந்தா காலம். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைத்த வண்டி. 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் இன்ஜின், நான்கு பேர் குழு. 1965-இல் முதல் வண்டி ஆவடியிலிருந்து வெளியே வந்தது. பிறகு இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். மாமா அவற்றில் எத்தனைக்குப் பச்சை அடித்தார் என்று கேட்டால், "அதெல்லாம் எண்ணிக்கிட்டா இருப்பாங்க" என்பார். குவார்ட்டர்ஸ் வரை ஒரு உறுமல் கேட்கும். டெஸ்ட் ஓட்டுகிறார்கள் என்று அத்தை அரிசி களைந்தபடியே சொல்லுவாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தால் விரலில் அதிர்வு தெரியும்.

முதல் கிட் பர்மா பஜாரில் வாங்கியது. பீச் ஸ்டேஷன் எதிரே, டேப் ரெக்கார்டருக்கும் வெளிநாட்டு சோப்புக்கும் நடுவே மேட்ச்பாக்ஸ் கம்பெனியின் கிட் பெட்டி ஒன்று. வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏற்றியிருப்பார்கள். பெயின்டே வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை மதிக்கிற பையன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான். ஹம்ப்ரால் பெயின்ட் டப்பாவை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்து, ஈர்க்குச்சியால் அடியிலிருந்து கலக்கி, எல்லாவற்றின் மேலும் ஒரே பச்சையாக அப்பினேன். மாமா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் நல்லாருக்கு" என்றார். அவரிடம் அந்தப் பாராட்டு பிறகு எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் அழுக்கு வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

இதைப் பரப்பியவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்லலாம். அமெரிக்கரான ஷெப் பெயின் எழுபதுகளில் மோனோகிராம் கிட்டுகளுக்காகச் செய்த டயோராமாக்களும், அந்தப் பெட்டிகளுக்குள் வந்த செய்முறைத் தாள்களும் ஒரு தலைமுறையையே தூரிகை எடுக்க வைத்தன. பெல்ஜியத்தின் ஃபிரான்ஸுவா வெர்லிண்டன் வாஷையும் டிரைபிரஷையும் ஒரு பாணியாகவே ஆக்கினார். பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள், நிறப்பொடிகள் வந்தன. துரு வந்தது. துருவோ துரு. இன்று போட்டிகளில் வைக்கிற டேங்குகளைப் பார்த்தால் கடலுக்கடியில் இருந்து தூக்கியவை என்று தோன்றும். 1944-இல் நார்மண்டியில் இறங்கிய டேங்குகளில் பல சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. துருப்பிடிக்க அவற்றுக்கு ஏது நேரம்? சூட்டில் பெயின்ட் எரிந்துபோகும் எக்ஸாஸ்ட் குழாய் துருப்பிடிக்கும், நிற்கிற வண்டியில் செயின் துருப்பிடிக்கும். மற்றதெல்லாம் மாடல்காரரின் ஆசை.

மாமா ரிடையர் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், மேஜையில் ஒரு செஞ்சூரியன் டேங்க் மாடல் காய்ந்துகொண்டிருந்தது. சக்கரம் வரை சேறு. செங்கல் பொடியை வேட்டித் துணியில் சலித்து, பிளாஸ்டர் கலந்து அப்பியிருந்தேன். தோட்டத்து மண்ணை அப்படியே போட்டால் ஒவ்வொரு மணலும் இந்த அளவில் கூழாங்கல்லாகிவிடும்.

"என்னடா இது, இப்படிப் பண்ணி வெச்சிருக்க?"

"வெதரிங் மாமா. சண்டையில இருந்த வண்டி."

"வண்டி கேட்டைத் தாண்டும்போது ஒரு கைரேகை இருந்தாக்கூட திருப்பி அனுப்பிடுவான். நீ காசு குடுத்து வாங்கிச் சேறு பூசுற."

கோபம்தான். ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். சுண்டுவிரல் நகத்தால் முன்பக்கத்தைக் காட்டினார். "டிரைவர் வலப்பக்கம் உக்காருவான். அவன் ஏறி இறங்குற வழி இது. பூட்ஸ் பட்டு இங்கதான் தேயும். நீ ரெண்டு பக்கமும் சமமா தேச்சிருக்க." செஞ்சூரியனிலும் விஜயந்தாவிலும் டிரைவருக்கு இடம் வலப்பக்கம்தான். "அப்புறம், பெயின்ட் போனா உடனே இரும்பு தெரியாது. ப்ரைமர் தெரியும். அதுவும் போனாத்தான் இரும்பு." பிறகு மூடிகளையும் கொக்கிகளையும் வரிசையாகத் தொட்டு, எதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறப்பார்கள், எதை மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே போனார். கை படுகிற இடம், கால் படுகிற இடம், ஆளே போகாத இடம். காலம் முழுக்கப் பளபளப்பு பூசியவருக்கு அது எங்கே முதலில் போகும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

பெட்ரோல் விஷயமும் அன்றுதான் பேச்சில் வந்தது. எரிபொருள் மூடியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை வைப்பது மாடல்காரர்கள் எல்லோரும் செய்வது. டீசல் சிந்தினால் சரி, புழுதி அதில் ஒட்டிக் கறுக்கும். செஞ்சூரியனுக்குள் இருந்தது மீட்டியார் என்ற பெட்ரோல் இன்ஜின். விமான இன்ஜினான மெர்லினிலிருந்து வந்தது. பெட்ரோல் சிந்தினால் புழுதியைக் கழுவிக்கொண்டு ஓடி, ஆவியாகிப் போய்விடும். கறைக்குப் பதில் அங்கே ஒரு சுத்தமான கோடு விழ வேண்டும். புழுதி படிந்த தகட்டில் அந்தக் கோட்டை எடுக்க, ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இதைப் பார்த்து "ஏன் இந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது" என்று கேட்பவரிடம் அரை மணி நேரம் பேசலாம். கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தச் செஞ்சூரியனுக்கு வேறொரு பேர் வைத்திருந்தேன். அழித்துவிட்டு, இப்போது ஃபாமகுஸ்தா என்று எழுத வேண்டும். சைப்ரஸ் தீவின் ஒரு துறைமுகத்தின் பெயர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுக்கு அக்கரையில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அருண் கேத்தர்பால் கடைசிவரை நின்ற செஞ்சூரியனுக்கு அந்தப் பெயர்தான். அவருக்கு வயது 21. வண்டி தீப்பற்றியபிறகு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று அவர் இறங்க மறுத்தார். மறைந்தபின் பரம்வீர் சக்ரா. அந்த வண்டி சீர் செய்யப்பட்டு அகமதுநகரில் கவசப்படையினரிடம் இருக்கிறது. ராணுவம் பார்வைக்கு வைக்கிற டேங்குகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பு, விழாவுக்கு விழா ஒரு கோட்டிங். அடுக்கடுக்காக ஏறிய பெயின்டில் ஆணித் தலைகள்கூட மழுங்கிவிடும். தேய்மானம் படிக்க அவை உதவாது. அந்தக் கால கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

மாடல் செய்பவனுக்கு நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். 16-ஆம் தேதி மாலை என்றால் துளைகள், கரி, எரிந்த பெயின்ட். அதைச் செய்யும் திறமை பலரிடம் இருக்கிறது, அழகாகவே செய்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். எரிந்த டேங்கின் கரியை ரசித்து ரசித்துப் பூசும்போது, உள்ளே இருந்தவர்களை மறந்தால்தான் கை ஓடும். முந்தைய இரவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சினியர்கள் கண்ணிவெடிகளை முழுதாக அகற்றி முடிப்பதற்குள் பூனா ஹார்ஸ் வண்டிகள் அந்த நிலத்துக்குள் இறங்கிய இரவு. செயினில் ஈர மண், உடம்பில் புழுதி, பெட்ரோல் கோடு, வலப்பக்கம் டிரைவரின் பூட்ஸ் தடம். வண்டி முழுசாக இருக்கிறது.

மாமாவிடம் போனில் சொன்னேன்.

"சேறு எதுவரைக்கும்?"

"சக்கரத்துக்குப் பாதி வரைக்கும் மாமா."

"டரட் மேல ஏறக் கூடாது. அங்க பச்சை தெரியணும்."

"புழுதி கொஞ்சம் இருக்கும்."

"புழுதி இருக்கட்டும். துரு வெப்பியா?"

"எக்ஸாஸ்ட்டுல மட்டும்."

கொஞ்சம் யோசித்து, "அதுவும் லேசா" என்றார்.