நூற்றுப் பதினைந்து வகுத்தல்கள்

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் நேயர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நாம் சொல்லப் புகுவது ஒரேயொரு எண்ணின் சரித்திரம். அதன் உருவம் 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்பது அதன் திருநாமம்.

அது பிறந்த வகை வெகு சுலபம். 2-உடன் ஒன்றைக் கூட்டினால் 3. 2-ஐ அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 5. 4-ஐ அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 17. இவ்விதமே 16-லிருந்து 257, 256-லிருந்து 65537. இவ்வைந்தும் பகா எண்கள்; அதாவது, தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. ஆறாவதாக வருவது நம் எண். பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரில் நீதிமன்ற உத்தியோகம் வகித்துக்கொண்டே ஓய்வு வேளைகளில் கணித சாஸ்திரத்தை ஆண்டவர் பெர்மா. இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக அவர் 1640-ல் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லையென்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த நம்பிக்கை தொண்ணூற்றிரண்டு வருஷம் அசையாமல் நின்றது. 1729-ல் கோல்ட்பாக் என்பவர் இதைப் பற்றிக் கடிதம் எழுதி ஆயிலரின் கவனத்தை இழுத்தார். ருஷ்யாவில் ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த ஆயிலர், 1732-ல், தமது இருபத்தைந்தாம் வயதில் விடை கூறினார்: 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் நம் எண் வந்துவிடுகிறது! நேயர்கள் காகிதமும் பென்ஸிலும் எடுத்துச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது ஆயிலரின் மேதையன்று. 3, 5, 7, 11 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால், நூற்றுப் பதினைந்தாவதாக 641 வந்து நிற்கிறது. பொறுமையுள்ள ஒரு குமாஸ்தா இரண்டொரு நாளில் முடித்துவிடக் கூடிய வேலை. அதைச் செய்து காட்ட ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் மூன்று தலைமுறைக்கு ஒருவர் முன்வரவில்லை. பெரியவர் வாக்கை ஆராயாமல் ஏற்பது நம் தேசத்துக்கே உரிய குணமென்று சிலர் இடித்துரைப்பதைக் கேட்கும்போதெல்லாம் இந்த நூற்றுப் பதினைந்து வகுத்தல்களே நம் நினைவுக்கு வருகின்றன.

ஆயிலருக்கோ அத்தனையும் வேண்டியிருக்கவில்லை. நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும் அது 64-ன் மடங்கைவிட ஒன்று அதிகமாகவே இருக்க வேண்டுமென்று பிற்பாடு அவரே எழுதி விளக்கினார். 193, 257, 449, 577 ஆகிய நான்கும் தோற்றபின் ஐந்தாவது 641. இக்குறுக்கு வழிக்கு ஆதாரமான விதியைக் கண்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் பெர்மாவேதான், அதுவும் அதே 1640-ல். கையில் விளக்கை வைத்துக்கொண்டு அவர் இருட்டில் தடவியிருக்கிறார்.

நம் எண்ணுக்கு அடுத்தது இருபது இலக்கம் கொண்டது. அதையும் எண்பது வயதைத் தாண்டிய லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880-ல் உடைத்துவிட்டார். அதன் பின் இயந்திரங்களும் இவ்வேலையில் புகுந்தன. முதல் ஐந்துக்கு மேல் ஆறாவது பகா எண் ஒன்று அவ்வரிசையில் இன்றளவும் ஒருவருக்கும் அகப்படவில்லை. கிடையவே கிடையாதென்று நிரூபித்தவரும் இல்லை.