கரைக்கு வந்த விருந்தினர்

மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகப்பெருமானும் தீவனூர் விநாயகரும் சுற்றுவட்டாரத்துப் பல ஊர்த் தெய்வங்களும் எழுந்தருளுகின்றனர். மலையும் கோபுரமும் இருப்பிடமாகக் கொண்ட மூர்த்திகள் அன்று மணலில் இட்ட பந்தலில் வீற்றிருந்து, தீர்த்தவாரி கண்டு, அடியார்க்கு அருள் சுரந்து புறப்படுகின்றனர். விழா முடிந்ததும் பந்தலும் பிரிக்கப்படுகிறது. கடற்கரைக்குத் தெய்வமும் விருந்தினராகவே வருகிறது.

இந்த உண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டு, அங்கிருந்து தெற்கே பாகூர்க் கொம்யூனின் கடலோரத்தில் சில நாள் தங்கிவருவது முதியவர்களுக்கு இனிய யாத்திரையாக அமையும். மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், மணப்பட்டுப் பகுதிகளில் தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் கடலை நோக்கி நிற்கின்றன. அவற்றின் நிழலில், மீனவர்களின் பழைய வீடுகளைப் போலவே கட்டப்பட்ட எளிய குடில்களில் பயணியர் தங்குகின்றனர். சவுக்குக் கழிகளின் மீது வேய்ந்த தென்னங்கீற்றுக் கூரை, கிழக்கு நோக்கிய திண்ணை, கயிற்றுக் கட்டில், கொல்லையில் ஒரு கிணறு, இவையே அங்குள்ள வசதிகள். நண்பகலில் கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று கீற்றினூடே புகுந்து வீட்டைக் குளிர்விக்கிறது. விடியலில் திண்ணையில் அமர்ந்தபடியே, கடலிலிருந்து எழும் கதிரவனை வணங்கலாம். முழங்கால் வலியால் படியேற இயலாதவர்களுக்கும் இத்தரிசனம் கிட்டுகிறது.

கீற்றுக் கூரை நெடுநாள் நில்லாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். புயல் வந்தால் அதற்கு முன்பே பறந்துபோகும். கடலருகே வாழ்ந்தவர்கள் இதை அறிந்தே வீடு கட்டினர். மணல்மேட்டை அடம்பங்கொடியும் தாழையும் பிணைத்துக் காக்கும் என்பதையும், அம்மேட்டை வெட்டிச் சமன்செய்தால் அலை உள்ளே வரும் என்பதையும் அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

குடிலில் தங்குவோர் காலை வேளையில் மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பாகூர் மூலநாதர் திருக்கோயிலை அடையலாம். வேதாம்பிகை உடனுறை மூலநாதர் அருளும் இக்கற்றளியின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. அதற்கும் முன்பே, 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் இவ்வூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன.

கோயிலைப் போலவே வணங்கத்தக்கது பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இவ்வேரிக்கு நீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்னும் தேவதாசிச் சகோதரியர் தங்கள் செல்வத்தைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினர் என்பது இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் செவிவழிச் செய்தி. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூர் பெயர் பெற்றது இந்நீரால்தான்.

இந்த ஏரிக்கும் கடலோரக் குடிலின் கிணற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கடற்கரை மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். ஏரி நிறைந்து நிலம் நீரை உண்டால் கடல் விலகி நிற்கும். ஆழ்குழாய்க் கிணறுகள் அளவின்றி உறிஞ்சினால் கிணற்று நீர் கரிக்கும். பாகூர்ப் பகுதியின் கடலோரத்தில் இந்த உவர்ப்பு ஏறிவருவது உழவர்களின் கவலை. விருந்தினர் ஒருவர் நீச்சல்குளம் வேண்டாம், ஒரு வாளி நீர் போதும் என்று சொல்வது, அந்தச் சகோதரியரின் தருமத்துக்குச் செய்யும் மரியாதையாகும்.

மற்றொரு நாளை வில்லியனூருக்கு ஒதுக்கலாம். கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் அருளும் இத்தலத்தின் வைகாசித் தேரைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்தார். அம்மரபு இன்றும் தொடர்கிறது. அருகே சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி கங்கைவராக நதீசுவரர் திருக்கோயில் உள்ளது. தந்தையின் அஸ்தியைக் காசிக்கு எடுத்துச்சென்ற அந்தணர் ஒருவர் இங்கே தங்கியபோது அது மலர்களாக மாறியதாகத் தலவரலாறு கூறும். ஆகவே காசியிலும் வீசம் மிகுந்த தலம் என்று போற்றி, பெற்றோருக்குரிய கடனை நிறைவேற்றப் பலரும் இங்கு வருகின்றனர். இங்கே கரைக்கும் அஸ்தி, சங்கராபரணியோடு ஓடிக் கடலில் கலக்கிறது. மாலையில் குடிலுக்குத் திரும்பித் திண்ணையில் அமரும் மகனுக்கு, எதிரே ஒலிக்கும் அலை அதன்பின் வேடிக்கைப் பொருளாக இராது.

அந்தக் கடலின் மறுமுகத்தையும் இக்கரை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, புதுவைக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர்க்காரரிடமிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. மீனவர்களுக்கு அலையின் உயரத்தை அறிவிப்பதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரார் உடனே அழைப்பு விடுத்தனர். படகுகளும் வலைகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். உடைமையை விட்டு எழுந்து ஓடத் தயங்காததே அவர்களைக் காத்தது.

தை முதல் பங்குனி வரையிலான நாட்களில், பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நோக்கி நடக்கும். குடிலின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் அவை வழிதவறி நிலத்தின் பக்கம் திரும்பி மடிந்துபோகும். கூர்மமாக அவதரித்த பெருமாளைத் தொழுவோர், அந்நாட்களில் இரவு விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் நாமஜபம் செய்யலாம். கடல் ஆழமும் நீரோட்டமும் மிகுந்தது என்பதால், ஊர் மீனவரைக் கேளாமல் நீராட இறங்குதல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை நனைப்பதோடு நிற்பதே நலம்.

புறப்படும் நாளில் குப்பையை உடன் எடுத்துக்கொண்டு, கிணற்றடியில் ஒரு தென்னைக்கு நீர் வார்த்துவிட்டு விடைபெறலாம். மாசி மகத்துப் பந்தல் பிரிந்த மறுநாள் கரையில் மணலும் அலையும் மட்டுமே இருக்கும். இறைவன் தங்கிய இடம் அவ்வாறு தூய்மையாய் இருக்கும்போது, அடியவர் தங்கிய இடமும் அவ்வாறே இருக்கட்டும்.