கத்தி சிவந்தால் சுண்ணாம்பு

வத்தலக்குண்டு உரக்கடைகளில் எனக்குப் பிடித்தது வாய் பிரித்து வைத்த மூட்டைகள்தான். மயில்துத்தம் நீலம், அன்னபேதி வெளிர்பச்சை, மாங்கனீஸ் சல்பேட் சோகை பிடித்த ரோஸ், துத்தநாக சல்பேட் வெறும் வெள்ளை. நான்கும் சல்பேட், நான்கிலும் தண்ணீர் உண்டு. தனிம வரிசையில் தாமிரம் 29, துத்தநாகம் 30, அடுத்தடுத்த வீடு. ஒன்றுக்கு இவ்வளவு நீலம், மற்றதற்கு ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. இந்த ஓரவஞ்சனை எனக்கு வெகுநாள் உறுத்தல்.

பாடப்புத்தகம் இதற்கு இரண்டு கோடு கிழித்து முடித்துவிடும். எனக்குக் கொடைக்கானல் பஸ் போதும். இந்த உலோகங்களில் 'டி' எலக்ட்ரான்களுக்கு ஐந்து இருக்கை, இருக்கைக்கு இரண்டு பேர். உலோகம் தனியாக இருக்கும்வரை ஐந்தும் சமம். தண்ணீர் சூழ்ந்ததும் இரண்டு இருக்கை ஜன்னலோரமாகிச் சாரலில் நனைகிறது. மூன்று உள்ளே தப்பிக்கிறது. உள்ளேயிருந்து நனையும் இடத்துக்குப் போக எந்த எலக்ட்ரானும் சும்மா சம்மதிக்காது. வெளிச்சத்திலிருந்து ஒரு நிறத்தைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் நம் கண்ணுக்கு.

தாமிரத்தில் 9 பேர், ஓர் இடம் காலி. சிவப்பு கூலியாகப் போக, நீலம் மிஞ்சுகிறது. துத்தநாகத்தில் பத்துப் பேரும் உட்கார்ந்தாயிற்று; நகர இடமில்லை, நிறமும் இல்லை. மாங்கனீஸில் இருக்கைக்கு ஒருவராக 5 பேர், எல்லோருக்கும் ஒரே பக்கச் சுழற்சி. இடம் மாறினால் இன்னொருவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, சுழற்சியையும் திருப்பிக்கொள்ள வேண்டும். அபூர்வமாகத்தான் நடக்கும், அதனால்தான் அந்தச் சோகை. தண்ணீருக்குப் பதில் அம்மோனியா சூழ்ந்தால் சாரல் மழையாகிறது, கூலி ஏறுகிறது, மயில்துத்தம் ஆழ்ந்த கருநீலமாகிறது. சட்டியில் வறுத்துத் தண்ணீரை விரட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பே கூலிக்குப் போதும், நீலம் வெள்ளையாகிவிடும்.

தாண்டிக்குடியில் தாத்தாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். இலைத்துரு வந்தால் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி பூக்கும். மழைக்கு முன்பே போர்டோ கலவை அடித்துவிடுவார். 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர். முதல் நாள் இரவே துத்தத்தைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார். இரும்பு வாளி அந்தப் பக்கமே வரக்கூடாது. காலையில் துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றுவார். நான் மூங்கில் கழியால் கலக்க வேண்டும். கண்ணைப் பறித்த நீலம் அங்கேயே வெளுத்து, வானநீலமாகத் திரியும். பிறகு கவாத்துக் கத்தியைத் துடைத்து அதில் முக்கிவிட்டு, வெற்றிலை போடுவார். மென்று முடிந்ததும் கத்தியை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

"சிவந்துருச்சுடா. இன்னொரு கை சுண்ணாம்பு போடு."

சுண்ணாம்போடு சேராமல் மிச்சமிருந்த தாமிரம் இரும்பில் படிந்திருக்கிறது. அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். பிற்பாடு ஆய்வகத்தில் எத்தனையோ சோதனைகள் செய்தேன். வெற்றிலை போட அவகாசம் தந்தது ஒன்றுமில்லை.

இந்தக் கலவை பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். பிரான்சின் போர்டோ பக்கம், ரோட்டோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறிக்காமலிருக்க, விஷம் என்று பயமுறுத்தத் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்களாம். 1882இல் மில்லார்டே என்ற தாவரவியலாளர், நீலம் தெறித்த அந்தக் கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்க்காமல் நிற்பதைக் கவனித்தார். 1885இல் முறையாக எழுதி வெளியிட்டார். திருடனுக்கு வைத்த நிறம் நோயைப் பிடித்தது.

இப்போது பாக்கெட்டில் காப்பர் ஆக்சிகுளோரைடு கிடைக்கிறது. கரைத்தால் போதும், கத்தியும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். தாமிரத்தைச் சூழ்ந்திருப்பதில் குளோரினும் இருப்பதால் பொடி பச்சையாக இருக்கும். தாத்தா அதைக் கடைசிவரை வாங்கவில்லை. பச்சை இலையில் பச்சை மருந்து அடித்தால், எந்த வரிசையை ஆள் விட்டுவிட்டுப் போனான் என்று வரப்பில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர் கேள்வி. உரக்கடைக்காரர் இதற்குப் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.