முனகல் சொன்ன செய்தி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மின்சார ஓவன் உள்ளது. பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கேக் செய்வாள். சென்ற குளிர்காலத்தில் தொடர்ந்து மூன்று வாரங்கள் அவள் செய்த கேக் கெட்டுப்போயிற்று. மேற்புறம் கருகியிருந்தது, கத்தியைச் செருகிப் பார்த்தால் நடுவில் வேகாத மாவு ஒட்டியது. முதல் வாரம், "அளவு பிசகிவிட்டது" என்றேன். இரண்டாம் வாரம், "நேரத்தைக் கவனிக்கவில்லை" என்றேன். மூன்றாம் வாரம், "உனக்கு எதிலுமே கவனம் இல்லை" என்று கடிந்துகொண்டேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா, முன்பெல்லாம் ஓவனுக்குள் விசிறி சுழலும் ஓசை கேட்கும். இப்போது ஒரு முனகல்தான் கேட்கிறது" என்று மட்டும் சொல்லிச் சென்றாள்.

அன்று காலையில்தான் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்திற்குப் பாடக்குறிப்பு எழுதி முடித்திருந்தேன். நோய் இன்னதென்று தெளிந்து, அது தோன்றிய காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் அதில் கூறுகிறார். நானோ நோயைப் பாராமலே மருந்து கொடுத்திருந்தேன். அதுவும் கசப்பு மருந்து.

எங்கள் ஓவனில் மேலும் கீழும் வெப்பக் கம்பிகள் உள்ளன. பின்சுவரில் ஒரு சிறு விசிறி உள்ளது. விசிறி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கம்பிகள் தரும் வெப்பத்தை உள்ளறை முழுவதும் சமமாகப் பரப்புகிறது. அது நின்றுவிட்டால், கம்பியை அடுத்த பகுதி கருகும்; நடுப்பகுதி வேகாது. மகளின் கேக்கில் கண்ட குறை இதுவே.

பழுது நீக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஓவனைப் பாராமலே, "மோட்டார் போய்விட்டது, புதியது போட வேண்டும்" என்றார். என்னைப் போலவே அவரும் நோயைப் பாராமல் மருந்து சொல்கிறாரே என்று எண்ணிக்கொண்டேன்.

மகள் சொன்ன முனகலைப் பற்றிச் சிந்தித்தேன். விசிறி ஓசையே இன்றி நின்றிருந்தால், மின்சாரம் அதற்கு வந்து சேரவில்லை என்றோ, மோட்டாரின் கம்பிச் சுருள் அறுந்துவிட்டது என்றோ ஐயுறலாம். முனகுகிறது என்றால் மின்சாரம் வருகிறது. சுருளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுழல முயன்றும் அதனால் இயலவில்லை; ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது.

ஓவனின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரைப் பறிக்க அது போதும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக் கைக்கு எட்டிய இடத்தில், கண்ணெதிரே கிடக்க வேண்டும். மாணவர்கள் இத்தகைய வேலையைத் தனியே செய்யலாகாது.

பின்மூடியைக் கழற்றியதும், எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதை மகள் படம் எடுத்து வைத்தாள். மோட்டாரின் இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரால் சோதித்தேன். 100 ஓமை ஒட்டிய எண் வந்தது. சுருள் அறுந்திருந்தால் அத்தகைய எண் வந்திராது. விசிறியை விரலால் சுழற்றினேன். சேற்றில் சிக்கிய சக்கரம்போல் அசைந்து நின்றது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

விசிறியைப் பிடித்திருந்த மரையைக் கழற்ற முயன்றபோது அது மேலும் இறுகியது. "மறுபக்கம் திருப்பிப் பாருங்களேன், அம்மா" என்றாள் மகள். உடனே நெகிழ்ந்தது. விசிறி சுழலும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்கப் பல ஓவன்களில் இந்த மரையை இடப்புரியாக அமைக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். பழக்கத்தை நம்பிய கை அன்று இரண்டாம் முறையாகத் தவறியது.

மோட்டாரின் அச்சு நுழையும் வெண்கல வளையத்தில் பழைய எண்ணெயும் சமையல் ஆவியின் பிசுக்கும் கலந்து, கரிய பிசினாக இறுகியிருந்தன. அதைத் துணியால் துடைத்தெடுத்தேன். வெப்பம் தாங்கும் இயந்திர எண்ணெயில் இரண்டு துளி விட்டேன். சமையல் எண்ணெய் விட்டால் அது மீண்டும் பிசினாகும். பின்பு விரலால் தள்ளியதும் அச்சு தடையின்றிப் பல சுற்றுகள் சுழன்றது. படத்தைப் பார்த்துக் கம்பிகளைப் பொருத்தி, நிலத்தொடர்புக் கம்பியைச் சரிபார்த்து, மூடியை இட்ட பின்னரே பிளக்கைச் செருகினேன். பழைய ஓசை கேட்டது. மகள் முகம் மலர்ந்தது. "தவறு உன்னுடையது அன்று; விசாரியாமல் பேசியது என் தவறு" என்றேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவனின் குறிப்பேட்டைத் திருத்த எடுத்தேன். முந்தைய பக்கங்களில் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று நானே நான்கு இடங்களில் எழுதியிருந்தேன். இம்முறை பிழைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நான் சொல்ல அவன் எழுதிய சொற்களில் பிழை இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிய இடங்களில் மட்டுமே பிழைகள் இருந்தன. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவனை அழைத்து, அங்கிருந்து எழுத்துகள் தெரிகின்றனவா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மங்கலாகத் தெரிகிறது, அம்மா" என்றான்.

அன்றே அவனை முதல் வரிசைக்கு மாற்றி, பெற்றோருக்கும் தெரிவித்தேன். இரண்டு வாரங்களில் அவன் மூக்குக் கண்ணாடி அணிந்து வந்தான். அவன் குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த அந்த நான்கு சொற்களையும் என் கையாலேயே அடித்தேன்.