நியாயத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து லெபு லைட் உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். லெபு குயின் மகா மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராக என்னிடம் வருபவர்கள் உண்டு. உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "லாயர், இது நியாயமா?" நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். அதை மட்டும் சொல்லி எந்த நீதிபதியிடமும் உத்தரவு வாங்க முடியாது. அந்த நியாயத்துக்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று தேடுவதுதான் எங்கள் தொழில்.

இளம் வழக்கறிஞர்களை, இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கைப் படிக்கச் சொல்வேன். 2009இல் இஸ்லாத்தைத் தழுவிய கணவர், தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் வாங்கினார். கடைசி மகளுக்கு அப்போது 11 மாதம். அவளைக் கையோடு கொண்டுபோய்விட்டார். 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சான்றிதழ்கள் செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி.

ஒரு தாய்க்காக இரங்கி எழுதிய தீர்ப்பு என்று யாராவது சொன்னால், அவர் அதைப் படிக்கவில்லை என்பேன். இஸ்லாத்துக்கு மாறுபவர் கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழியைச் சொல்ல வேண்டும் என்கிறது பேராக் மாநிலச் சட்டம். பிள்ளைகளோ அதைச் சொல்லவே இல்லை. சான்றிதழ் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. இதற்கு அறநெறி வாதம் எதுவும் தேவைப்படவில்லை. சட்டம் வேறு, அறம் வேறு என்ற சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட்கூட இதை மறுப்பின்றி ஏற்பார்.

அரசமைப்பின் 12(4) பிரிவு அப்படியல்ல. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பெற்றோரில் ஒருவர் போதும் என்று 2007இல் சுபாஷினி வழக்கில் இதே மன்றம் வாசித்திருந்தது. 2018இல், இருவரும் இருக்கையில் இருவர் சம்மதமும் வேண்டும் என்று வாசித்தது. பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமேல் சம உரிமை என்ற கொள்கையை வைத்து வாசித்ததுதான் வேறுபாடு. அரசமைப்பை வாசிக்கையில் அறத்தை வெளியே நிறுத்த முடியாது என்ற இன்னொரு சட்டத் தத்துவ அறிஞர் டுவார்க்கின் பக்கம் நான் நிற்பது இதனால்தான்.

ஆனால் வாசிப்போடு சட்டம் முடிவதில்லை. கணவரைக் கைது செய்யும் வாரண்டை நிறைவேற்றுமாறு 2016 ஏப்ரலிலேயே கூட்டரசு நீதிமன்றம் காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் பல ஓடின. மகள் தாயிடம் ஒப்படைக்கப்படவில்லை. அவள் வந்து சேரும்வரை இந்த வழக்கு முடிந்ததாக நான் ஒப்பமாட்டேன்.